மோடத்தில் இருந்த பொட்டு

என் மகள் கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தபோது அந்தப் பாக்ஸைத் தன் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. டிவியின் முதுகில் ஒரு வயரைச் செருகி, வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் போதும், உலகத்தில் உள்ள தமிழ்ப் படமெல்லாம் வரும் என்றாள். உலகத்துப் படமெல்லாம் இந்த ஹாலுக்கு வந்து என்ன செய்யப் போகிறது என்று கேட்டேன். வாயை அடக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. அறுபது தாண்டிய பிறகு இனி வரப்போவதும் இல்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்பாவைப் போலவே முணுக்கென்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற பெண், அன்று சிரித்துக்கொண்டே வயரைப் பிரித்தாள்.

என் வீட்டுக்காரர் போய் அப்போது இன்னும் வருஷம் திரும்பவில்லை. டிவிக்கான சந்தா அவர் பெயரில் இருந்தது. அதை நான்தான் ரத்து செய்தேன். அதற்குப் பிறகு டிவி சும்மாதான் இருந்தது. தூசு படியாமல் துடைத்து வைப்பேன், அவ்வளவுதான். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மகளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. தினமும் அவள் கூப்பிடும்போது, இத்தனை வருஷமாக என் பேச்சுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தம் இப்போது கேட்பதில்லை. அதை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நாங்கள் இருப்பது பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடி. ஹாலில் நின்றால் எதிர் பிளாட்டின் துணிக் கம்புகள் தெரியும், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கடல் ஒரு கோடாகத் தெரியும். அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்குப் போவார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத சிறு பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பலகையில் பொருத்துகிற வேலை. அதனால் இந்த வயர், பிளக், விளக்கு மினுக்கல் எதுவும் எனக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு மெஷின் என்றால் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் வீட்டில் மெஷினுக்கெல்லாம் சொந்தக்காரர் அவர்தான். அதாவது ஆயுத பூஜை அன்றைக்கு.

லோரிக்காரர்களுக்கு ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரியது. காலையில் லோரி நிற்கும் யார்டுக்குப் போய் லோரியைக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டிவிட்டு வருவார். வரும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மீந்த சந்தனம் இருக்கும். அது காய்வதற்குள் வீட்டில் இருப்பதற்கெல்லாம் வைத்தாக வேண்டும். ஐஸ்பெட்டி, வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, டிவி, என் தையல் மெஷின். எல்லாரும் மோதிர விரலால் பொட்டு வைப்பார்கள். இவர் கட்டைவிரலால் அழுத்துவார், சுவரில் சிமெண்ட் அப்புகிற ஆள் மாதிரி. கொஞ்சம் அளவாக வைத்தால்தான் என்ன என்று ஒவ்வொரு வருஷமும் கத்துவேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

கடைசியாக என்னிடம் வருவார். கட்டைவிரலில் ஒட்டியிருக்கும் மிச்சக் குங்குமத்தை என் நெற்றியில் அழுத்துவார்.

"ஐஸ்பெட்டிக்கு வச்ச மிச்சம்தான் எனக்கா?" என்பேன்.

"சின்ன மெஷினுக்கெல்லாம் வச்சிட்டு வீட்டையே ஓட்டுற மெஷின விட முடியுமா?" என்பார்.

இதே பேச்சு, இதே பதில், ஒவ்வொரு வருஷமும். புதிதாக ஒன்று சொல்லத் தெரியாத மனுஷன்.

வைஃபை மோடம் டிவிக்கு மேலே சுவரில் இருக்கிறது. கம்பெனி ஆள் வந்து ஒழுங்காகத்தான் மாட்டிவிட்டுப் போனான். அவர்தான் மறுநாளே அதைக் கழற்றி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, இரண்டு கம்பியை வளைத்துத் தொங்கவிட்டார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் ஹாலில் சாய்வு நாற்காலியில் தூங்குகிறவருக்கு, அந்தப் பச்சை விளக்குகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பது பிடிக்கவில்லை. அதனால் அதன் முதுகுதான் எங்களுக்குத் தெரியும். முதுகின் நடுவில் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர். பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அவருக்கு எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நாற்காலி போட்டு ஏறி அந்த வெள்ளையின் நடுவில் அழுத்திவிட்டு இறங்குவார்.

ஐஸ்பெட்டியில் வைத்ததை ஒரு மாதம் கழித்து நானே துடைத்துவிடுவேன். மோடம் எனக்கு எட்டாது. பழையதைத் துடைத்துவிட்டாவது புதிதை வையுங்கள் என்று சொன்னால், "வச்ச பொட்ட யாராச்சும் துடைப்பாங்களா?" என்று அவர் என்னையே கேட்பார். அதனால் அதில் ஒரு வருஷத்தின்மேல் இன்னொரு வருஷமாக ஏறிக்கொண்டே போனது.

போன வருஷமும் வைத்தார். அதற்குப் பிறகு தீபாவளி வருவதற்குள் போய்விட்டார். துறைமுக வாசலில் லோரிகள் வரிசையில் நின்றிருக்கின்றன. முன்னால் இருந்த லோரி நகர்ந்த பிறகும் இவர் லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு ஒருவர் இறங்கி வந்து கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஸ்டீயரிங்கில் கை இருந்தது என்று அந்த டிரைவர் பிறகு என்னிடம் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். எனக்கு அந்த ஹாரன் சத்தம்தான் இன்றைக்கும் கேட்கிறது.

கருமாதிக்கு நிபோங் திபாலிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், பல வருஷத்துக்கு முன்பே தாலி இழந்தவர். வந்ததுமே சொந்தக்காரப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடு முழுக்கக் கழுவினார். ஐஸ்பெட்டி, குக்கர், தையல் மெஷின் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தார்கள். நான் அறைக்குள் படுத்திருந்தேன். தேய்க்கிற சத்தம் கேட்டது. எதைத் தேய்க்கிறார்கள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். தலை நிறையப் பூ வைத்தார்கள், கை நிறைய வளையல் போட்டார்கள், நெற்றியில் இதுவரை நான் வைத்திராத அளவுக்குப் பெரிய பொட்டு வைத்தார்கள். வைத்த கையோடு எல்லாவற்றையும் எடுத்தார்கள். நாத்தனார்தான் ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தார். ஒரு தடவையில் போகவில்லை. திரும்பவும் நனைத்துத் துடைத்தார். துடைக்கும்போது அவர்தான் என்னைவிடச் சத்தமாக அழுதார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் இதைத்தான் யாரோ செய்திருப்பார்கள். ஆனால் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

மகள் அதைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு ஒருநாள் காப்பியோடு ஹாலில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மோடத்தில் பொட்டு இருக்கிறது. அத்தனை பெண்கள், அத்தனை சோப்பு, யார் கண்ணிலும் அது படவில்லை. உயரத்தில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்ததால் தப்பித்துவிட்டது. லோரி வேறு ஆளுக்குப் போய்விட்டது. மோட்டாரில் இருந்த பொட்டு கீழே நிறுத்திய இடத்திலேயே மழையில் கரைந்துவிட்டது. அவர் கையால் வைத்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்தின் நடுவில் குங்குமம் அழுந்தி, கட்டைவிரலின் ரேகைகூடத் தெரிந்தது. தொடாமல் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஒட்டடை அடிப்பதை நிறுத்தினேன். காற்றில் ஏதாவது உதிர்ந்துவிடும் என்று அந்தப் பக்கத்து மின்விசிறியையும் போடுவதில்லை. பினாங்கு வெயிலில் மின்விசிறி இல்லாமல் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் கேட்டாலும் விசிறி கெட்டுவிட்டது என்பேன். பைத்தியக்காரத்தனம்தான். என் வீட்டில் நான் பைத்தியமாக இருந்தால் யாருக்கு என்ன?

மகள் பாக்ஸைச் செருகியதும் டிவி உயிர் வந்து விழித்தது. மொழி கேட்டது, நாடு கேட்டது, பிறகு பக்கத்தில் உள்ள வைஃபை பெயர்களை எல்லாம் வரிசையாகக் காட்டியது. எங்கள் மாடியில் இத்தனை வீட்டில் இத்தனை பெயர்களா என்று இருந்தது. மேல் வீட்டு மலாய்க்காரர் தன் வைஃபைக்கு "ஜாங்கான் காச்சாவ்" என்று பெயர் வைத்திருந்தார். தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த ஹாலில் நான் சிரித்து நாளாகியிருந்தது.

எங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் பாஸ்வர்ட் கேட்டது.

"என்னம்மா பாஸ்வர்ட்?"

"எனக்கெப்படித் தெரியும்? அப்பாதான் எல்லாருக்கும் போட்டுக் கொடுப்பாரு."

என் ஹேண்ட்ஃபோனை வாங்கிப் பார்த்தாள். பழைய ஃபோன். எப்போதோ அவர் போட்டுக் கொடுத்தது. பாஸ்வர்ட் இருக்கிற இடத்தில் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் காட்டியது. அவளுடைய ஃபோனில் இருக்குமே என்றேன். இல்லை. அவள் ஃபோனில் நெட் லைன் தாராளமாக இருப்பதால் வீட்டு வைஃபையை அவள் கேட்டதே இல்லையாம். அப்பாவின் ஃபோன் அவர் விரல் வைத்தால்தான் திறக்கும்.

கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒரு மலாய்க்காரப் பெண் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் பேச வேண்டும் என்றாள். அவர் இறந்துவிட்டார் என்று மகள் சொன்னதும் வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியென்றால் இறப்புச் சான்றிதழோடு கவுண்டருக்கு வந்து பெயர் மாற்ற வேண்டும், அன்று சனிக்கிழமை, அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். வைக்கும் முன்னால் அவளே இன்னொன்றும் சொன்னாள். பாஸ்வர்டை யாரும் மாற்றியிருக்காவிட்டால் அது மோடத்தின் முதுகில் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. மகள் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள்.

"ம்மா, பின்பக்கம்தான் இருக்கு. ஆனா மேல ஏதோ அழுக்கு அப்பிக் கிடக்கு. ஈரத்துணி குடு."

"அது அழுக்கு இல்ல."

"காஞ்சுபோன சந்தனம்மா. துடைச்சா போயிரும்லா."

"கீழ எறங்கு."

"என்னம்மா?"

"எறங்குன்னு சொல்றேன்ல!"

என் குரலில் அவள் மிரண்டு இறங்கினாள். அது அப்பா வைத்த பொட்டு என்று சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் வேறு வழி பார்க்கலாம் என்றாள். தன் ஃபோனிலிருந்தே இணைப்பு கொடுத்தாள். பாக்ஸ் உடனே ஒட்டிக்கொண்டது. ஏதோ ஒரு படத்தில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியே இருக்கட்டுமே என்றேன்.

"நான் நாளைக்குப் போனா இதுவும் என் கூடவே போயிரும்மா" என்றாள்.

மோடத்தின் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து போட்டால் என்ன என்று நான் கேட்டேன். தொழிற்சாலையில் ஏதாவது மக்கர் செய்தால் அதைத்தான் செய்வோம். அப்படிச் செய்தாலும் அது ஸ்டிக்கரில் இருக்கிற பாஸ்வர்டுக்குத்தான் திரும்பிப் போகும் என்றாள். எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த ஸ்டிக்கரில்தான் போய் முட்டியது.

"ஃபோட்டோ எடுத்து வச்சுக்கலாம்மா. நல்லா பெருசா பிரிண்ட் போட்டுத் தரேன்."

எடுத்தும் காட்டினாள். ஃபோட்டோவில் காய்ந்த மண் மாதிரி ஒன்று இருந்தது. அது எந்தச் சுவரிலும் இருக்கலாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு அங்கேதான் பொறுமை போனது.

"உனக்காகத்தானே இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்? அப்பா இருந்தா அவரே துடைச்சிட்டுப் பாஸ்வர்ட் போட்டிருப்பாரு. ஒரு பொட்டுக்குப் போயி இப்படிப் பண்றியேம்மா."

"என் நெத்தில அழிச்சப்ப நீ பார்த்தியா? கதவச் சாத்திக்கிட்டு உள்ள நின்னல்ல? பார்த்திருந்தா இன்னொன்னுக்கும் அதையே செய்யச் சொல்வியா?"

சொன்ன பிறகுதான் எனக்கே அது என்னவென்று தெரிந்தது. இத்தனை மாதமாக நான் காவல் காத்தது அவர் கைரேகைக்காக மட்டுமில்லை. இந்த வீட்டில் யாராலும் துடைக்கப்படாத ஒரு பொட்டு இருக்கட்டும் என்றும்தான். ஒரு மெஷினுக்காவது அது நடக்காமல் இருக்கட்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்திருக்கிறது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் எழுந்து டிவியின் பின்னாலிருந்து வயரைப் பிடுங்கினாள். பாக்ஸை அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். மூடியை மூடும்போது என்னைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"வேணாம்மா, விடு. நான் கோவமா சொல்லல. ஒன்னு சொல்றேன், கேட்டுக்க. நான் ஃபோன் பண்றப்ப நீ ஹலோ சொல்லிட்டு அப்புறம் பேசாம இருக்க. பின்னால ஒரு சத்தமும் இல்ல. லைன்ல இருக்கியா, இல்ல அப்பா மாதிரி அப்படியே உக்காந்த எடத்துல... எனக்குத் தெரியலம்மா. ஒவ்வொரு தடவையும் நீ அடுத்த வார்த்தை பேசுற வரைக்கும் எனக்கு மூச்சே வராது."

அவள் அப்பாவுக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குப் பின்னால் இவள் அங்கே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். படம் பார்ப்பதற்கு இல்லை, சத்தத்துக்காகத்தான் அதைத் துணிக்குள் சுற்றி எடுத்துவந்திருக்கிறாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று பெண் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

சமையலறைக்குப் போனேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தேன். துணியை எடுக்கப் பிடிக்கவில்லை, பஞ்சு எடுத்துக்கொண்டேன். மகள் பின்னாலேயே வந்து, "நான் செய்றேன்மா, நீ பார்க்காத" என்றாள். வேண்டாம் என்றேன். வேறு யார் கையும் அதில் பட வேண்டாம். என்னிடம்தான் யாரும் கேட்கவில்லை, இதனிடமாவது நான் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று ஸ்டூலில் ஏறினேன். அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

முழுவதையும் துடைக்க எனக்கு எண்ணமில்லை. எழுத்துத் தெரிந்தால் போதும் என்று ஓரத்திலிருந்து நனைத்தேன். மேலே இருந்த குங்குமம் முதலில் கரைந்து பஞ்சில் ஏறியது. அதோடு ரேகையும் போய்விட்டது. அதற்குக் கீழே சந்தனம், சந்தனத்துக்குக் கீழே மறுபடியும் குங்குமம். அதற்கு முந்தின வருஷத்தது. அதற்கும் கீழே இன்னொன்று, கறுத்துப்போனது. மகள் ரொம்ப நாளைக்குப் பிறகு தீபாவளிக்கு முன்னாலேயே வந்து தங்கியிருந்த வருஷத்ததாக இருக்கலாம், நான் வேலையை விட்டு நின்ற வருஷத்ததாக இருக்கலாம். எது எதுவென்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே பஞ்சில் சேறாக வந்தன. ஒவ்வொரு வருஷமும் என் நெற்றிக்கு வருவதற்கு முன்னால் அவர் கட்டைவிரல் போன இடம் அது. அத்தனையும் நாங்கள் சேர்ந்து இருந்த வருஷங்கள். துடைக்கக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது.

அடியில் எழுத்து தெரிந்தது. நான் மேலே நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். மகள் என் இடுப்பை விட்டுவிட்டுப் போய் பாக்ஸை மறுபடியும் செருகி, ரிமோட்டால் டிவியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். ஒரு எழுத்துக்கு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நகர வேண்டியிருந்தது. முடித்து அனுப்பினாள். தவறு என்று வந்தது. திரும்பவும் படித்தேன், திரும்பவும் போட்டாள். தவறு.

"கடைசில இன்னும் ஏதாச்சும் இருக்காம்மா?"

இருந்தது. வலது ஓரத்தில் பிறை அளவுக்குக் கொஞ்சம் சந்தனத்தை நான் விட்டுவைத்திருந்தேன். அதிலாவது அவர் கை இருக்கட்டும் என்று பஞ்சை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. அதன் கீழே ஒரு எழுத்தின் வால் எட்டிப் பார்த்தது. வேறு எந்தப் பக்கமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டிருந்தது. மகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சு போதவில்லை. கட்டைவிரலால் தேய்த்தேன். அது வந்துவிட்டது.

கடைசி எழுத்தைச் சொன்னேன். டிவியில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. இணைந்துவிட்டது என்று வந்தது. பிறகு படங்களாக வரிசை வரிசையாக வந்து நின்றன, எல்லா முகங்களும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தன. மகள் ஏதோ ஒன்றை அழுத்தினாள். யாரோ ஒரு அம்மா மீன் குழம்பு வைத்துக் காட்டினார். வீட்டுக்குள் வேறு ஒரு ஆளின் குரல் கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, சத்தம் தெளிவாகத்தான் இருந்தது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது மகள் சாமி அலமாரியைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்திருந்தாள். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் பொட்டு வைக்காமல் இந்த வீட்டில் ஓட்டியதில்லை. பழக்கத்தில் கை போயிருக்கிறது. மூடியைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் வருஷம் திரும்பலல்ல" என்று தானே சொல்லிக்கொண்டு மூடினாள்.

"ஆமா" என்றேன். வருஷம் திரும்பிய பிறகும் அதை வைக்க என் கைக்கு உரிமை இல்லை என்று நாத்தனார் சொல்வார். அதை அவளிடம் அப்போது சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறினாள். போகும் முன்னால் மின்விசிறியைப் போட்டுப் பார்த்து, நல்லா ஓடுதே, யார் கெட்டுப்போச்சுன்னு சொன்னது என்று கேட்டாள். அவள் பையை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள். அவள் சொன்னபடி நான் டிவியைப் போட்டுவைத்திருந்தேன். என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை, அப்போதும் தெரியாது.

"சத்தம் கேக்குதும்மா!" என்றாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"கேக்கும், கேக்கும். வைஃபை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பேசி முடித்த பிறகும் டிவியை நிறுத்தவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஐஸ்பெட்டி, குக்கர், தையல் மெஷின், மேலே சுவரில் மோடம், கீழே புதிதாக வந்த பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இப்போது இந்த வீட்டில் பொட்டில்லாமல் இருப்பது நான் மட்டும் இல்லை.